ஆட்டுத்தடம்

"மறுபடி அடிடா" என்றாள் பெஹியா.

காலையிலிருந்து காணாத வாப்பாவுக்கு எஸ்மிர் மறுபடி போன் அடித்தான். அக்காளும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் வெட்டுக்கிளிகளின் இரைச்சல் மட்டும்தான். பிறகு மெல்ல, ரொம்ப மெல்ல, அந்த அக்கார்டியன் வாத்திய மணி கேட்டது. அந்த நாராசத்தை மாற்றித் தொலையுங்கள் வாப்பா என்று வீட்டில் எல்லோரும் சொல்லி அலுத்துப்போன அதே மணி. சத்தம் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை.

"போனைத் தொலைச்சிருப்பாரு" என்றான் எஸ்மிர். "ஏதாச்சும் நாய் கவ்விக்கிட்டுப் போயிருக்கும்."

"நாய் எதுக்குடா போனைக் கவ்வுது?"

"அப்ப வேற என்னதான் சொல்லச் சொல்ற?"

சொல்லிக்கொண்டே வேலிக் கம்பியைத் தூக்கிவிட்டான். ஒரு கால் உள்ளே போவதற்குள் பெஹியா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"விடு ராத்தா."

"காலை வெச்சுப் பாரு. வெடி உன்னைக் கொல்றதுக்கு முன்னாடி நானே கொன்னுடுவேன்."

பலகைக்கு அப்பால் உள்ள மேடு முப்பது வருடமாக அப்படியே கிடக்கிறது. சண்டை நடந்தபோது ஒரு படை மேலே இருந்தது, இன்னொரு படை கீழே இருந்தது, நடுவில் மாட்டிக்கொண்டது ராகிப்பின் பிளம் தோப்பு. இரண்டு படையும் தங்கள் பங்குக்குக் கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டு, எங்கே புதைத்தோம் என்று ஒருவருக்கும் சொல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் அங்கே போன ஊர்க்காரர்களில் ஒருவன் ஒற்றைக்காலோடு திரும்பினான், ஒருவன் திரும்பவேயில்லை. தோப்பின் சொந்தக்காரரான ராகிப், பெஹியாவின் வாப்பா, வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து அந்த மரங்களைப் பார்ப்பதோடு சரி. அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இந்த மாதிரி மேடுகளைப் பார்ப்பதுதான் பெஹியாவுக்குப் பிழைப்பே. கண்ணிவெடி எடுக்கும் குழுவில் அவள் ட்ரோன் ஓட்டுகிறாள். ட்ரோன் மேலே பறந்து படம் எடுக்கும். அந்தப் படங்களை ஒரு கணினி தின்னும். தின்றுவிட்டு எது வெடி, எது கல், எது துருப்பிடித்த டப்பா என்று கட்டம் போட்டுக் காட்டும். நரம்பு வலைப்பின்னல் என்று பயிற்சி கொடுக்க வந்தவர்கள் பெயர் சொன்னார்கள். குழுவில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். தின்கிறதற்குக் கணக்கே இல்லை, வாயைத் திறந்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது, தப்பாகச் சொன்னாலும் மூஞ்சி மாறாது, சரியான மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் குழுத் தலைவர் ஒஸ்தோயா.

அவருடைய ஜீப் இப்போது தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு ஆட்களும் கூடவே குதித்தார்கள். ஒஸ்தோயா இறங்கியதும் முதலில் எஸ்மிரின் காலைப் பார்த்தார், அது வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறதா என்று.

"உங்க ஆளுங்க புதைச்சதுதானேய்யா இது?" என்று எஸ்மிர் அவர்மேல் பாய்ந்தான். "எங்க இருக்குன்னு உமக்குத் தெரியாதா?"

ஒஸ்தோயா மேலே இருந்த படையில் இருந்தவர். ராகிப் கீழே இருந்தவர். அது ஊருக்கே தெரிந்த சங்கதிதான், ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

"நான் புதைச்சிருந்தா ஞாபகம் இருந்திருக்கும்" என்றார் ஒஸ்தோயா. "பாதி உங்க ஆளுங்க புதைச்சது. கத்தாம இரு தம்பி. பெஹியா, தூக்கு."

பெஹியா ட்ரோனைத் தூக்கினாள். கை பழகிய கைதான், ஆனாலும் கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. திரையில் முள்ளுப்புதர் வந்தது, நாணல் வந்தது, காடாக வளர்ந்துவிட்ட தோப்பு வந்தது. மாப்பிள்ளை தன் பாட்டுக்குக் கட்டம் போட்டுக்கொண்டே வந்தது: கல், கல், தகரம், சந்தேகம், சந்தேகம். சந்தேகம் என்றால் கட்டம் சிவப்பு; ஒவ்வொரு சிவப்புக்கும் எஸ்மிர் திரையை இன்னும் நெருங்கிக் குனிந்தான்.

பிறகு பச்சைக் கட்டம் ஒன்று வந்தது. பச்சை என்றால் ஆபத்தில்லை, கண்டுகொள்ள வேண்டாம் என்று அர்த்தம். கட்டத்தின் தலையில் மாப்பிள்ளை எழுதியிருந்தது: கால்நடை.

பெஹியா தாண்டிப் போய்விட்டாள். பழக்கம் அப்படி. போனவள், நீலமாக ஏதோ தெரிந்ததே என்று ட்ரோனைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

நீலச் சட்டை. ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கை தலைக்கடியில், ஒரு கை நீட்டினாற்போல. பக்கத்தில் ஒரு வாளி சாயாமல் நின்றது. கால் இரண்டும் முழுசாக இருந்தன. அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள். குழுவில் இருக்கிற யாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ரத்தம் இல்லை, குழி இல்லை. வெடிக்கவில்லை. மனுஷர் தானாகத்தான் விழுந்திருக்கிறார்.

"வாப்பா!" என்று எஸ்மிர் மேட்டைப் பார்த்துக் கத்தினான். "வாப்பா, அசையாதீங்க!"

அவர் அசைவதாக இல்லை.

"ஆடுமாடுன்னு சொல்லுது பாரு, கேடுகெட்ட மிஷின்" என்றான் எஸ்மிர். அவன் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

அது மிஷினின் குற்றமில்லை. அதற்கு ஆடு, மாடு, நாய், பன்றி எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவற்றைப் பார்த்து வெடியென்று பயப்படக் கூடாது என்பதற்காக. மனுஷனைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சிவப்புப் பலகைக்கு உள்ளே மனுஷன் ஏன் இருக்கப் போகிறான்? சொல்லிக் கொடுத்தவளே பெஹியாதான். போன குளிர்காலம் பூராவும் கணப்படுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, படம் படமாகப் பார்த்துக் கட்டம் போட்டுக் கொடுத்தவள்.

"உசுரு இருக்கா?" என்று ஒஸ்தோயா கேட்டார். "சூட்டுக் கேமராவைப் போடு."

போட்டாள். விடியற்காலையில் அந்தக் கேமரா பொன்னான கேமரா. மண் குளிர்ந்திருக்கும், உள்ளே இருக்கிற வெடி தனியாகத் தெரியும். இப்போதோ உச்சி வெயில். கல்லும் மண்ணும் புல்லும் மனுஷ உடம்பின் சூட்டுக்குக் காய்ந்து கிடந்தன. திரை பூராவும் ஒரே வெள்ளை. அதில் வாப்பா எங்கே முடிகிறார், மண் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

அவள் கேமராவை மாற்றி ட்ரோனைக் கீழே இறக்கினாள். இன்னும் இறக்கினாள். மரக்கிளை தட்டிவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வாப்பாவுக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். நரைத்த பின்னந்தலை தெரிந்தது. போன வாரம் அவள்தான் கத்தரித்துவிட்ட முடி. கழுத்தோரம் கொஞ்சம் கோணலாகப் போய்விட்டதென்று அவர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டார்.

நீலச் சட்டை முதுகில் எழும்பித் தாழ்ந்தது. மறுபடி எழும்பியது.

"மூச்சு விடுறாரு!" எஸ்மிர் திரையைக் குத்தினான். "ராத்தா, பாரு பாரு, மூச்சு விடுறாரு! உசுரு இருக்கு!"

அடுத்த கணம் அவன் கம்பியைத் தாண்டிக்கொண்டிருந்தான். குழுவின் ஆட்கள் இரண்டு பேரும் அவன் இடுப்பைப் பிடித்து மல்லுக்கட்டினார்கள். எஸ்மிர் ஸ்லோவேனியாவில் லாரி ஓட்டுகிறவன், தோள் எருமைத் தோள். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே நகர்ந்தான். "எங்க வாப்பாடா அது! கண்ணெதிர்ல செத்துக்கிட்டிருக்காருடா! விடுங்கடா!" என்று அவன் கத்தியது ஊருக்கே கேட்டிருக்கும். வீட்டில் உம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

பெஹியாவுக்கு அந்தச் சட்டை ஏன் அசைகிறதென்று தெரியும். ட்ரோனின் இறக்கைகள் கீழே அடிக்கிற காற்று. புல் படுத்திருந்தது, வாளிக்குள் இருந்த இலை படபடத்தது, சட்டையும் அதோடு சேர்ந்து அசைந்தது. அந்தக் காற்றுக்குள் ஒரு மூச்சும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மேலே தூக்கினால் சட்டை நிற்கும். ஆனால் மேலேயிருந்து பார்த்தால் மெல்லிய மூச்சு கண்ணில் படாது. இரண்டு விதத்திலும் அவளுக்கு உண்மை தெரியப் போவதில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தம்பி இன்னும் நாலு எட்டு வைத்தால் முதல் சிவப்புக் கட்டம் வருகிறது.

"எஸ்மிர்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இங்க பாரு. திரும்பி இந்தத் திரையைப் பாரு."

அவன் திரும்பினான். அவள் ட்ரோனைத் தூக்கினாள். நீலச் சட்டை ஒரு தரம் படபடத்தது. பிறகு படிந்தது. படிந்தது படிந்தபடியே இருந்தது.

"பாத்தியா? அது என் காத்து. ட்ரோன் காத்து. மூச்சு இல்லடா அது." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வாப்பா போயிட்டாருடா."

எஸ்மிர் இழுப்பதை நிறுத்தினான். பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் இப்போது அவனைத் தாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து ஜீப் சக்கரத்தில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

ஒஸ்தோயா பெஹியாவின் காதருகே குனிந்தார். "நிச்சயமாவா?"

"தெரியாது" என்றாள், உதடு மட்டும் அசைய.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். போய்ப் பாதுகாப்பு உடுப்பை மாட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். ட்ரோன் உயரத்துக்குப் போய்விட்டிருந்தது. அங்கிருந்து பார்க்கையில் புல்லுக்கு நடுவே ஒரு கோடு தெரிந்தது. பிளம் மரத்தடியில் தொடங்கி, புதர்களைச் சுற்றிக்கொண்டு, பாறையை ஒட்டி வளைந்து, சரிவில் இறங்கி, அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையின் பின்சுவரில் வந்து முடிந்தது. ஒரு ஆள் நடக்கும் அகலம். மாப்பிள்ளை அதன்மேல் வழக்கம்போலப் பச்சையில் எழுதியிருந்தது: ஆட்டுத்தடம்.

இந்தக் கோட்டை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். போன வசந்தத்தில் பார்த்தாள், அதற்கு முந்தின வசந்தத்திலும் பார்த்தாள். மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்கும்: ஆட்டுத்தடமா? ஆம், இல்லை. அவள் ஆம் என்று அழுத்திவிட்டுக் காபியை எடுத்துக் குடித்திருக்கிறாள். ஊரில் ஆடு வைத்திருந்தவர்கள் எல்லாம் விற்றுவிட்டு ஆஸ்திரியா போய்ச் சேர்ந்தது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். சொந்தக் கொட்டகைச் சுவரைத் தெரியாதா? அதுவும் தெரியும். ஆனால் பட்டியலில் சாலை, ஓடை, ஆட்டுத்தடம் என்றுதான் இருந்தது. ஆள் தடம் என்று ஒன்று இல்லை.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். "இதைப் பாருங்க."

ஒஸ்தோயா பார்த்தார். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மடப்பய மனுஷன்" என்றார் கடைசியில். "எத்தனை வருஷமா போயிட்டு வந்திருக்கான் பாரு, என் மூக்குக்குக் கீழயே." திட்டினாரா மெச்சினாரா என்று சொல்ல முடியாது. "சரி. அவன் காலு பட்ட வழியிலயே போறேன். புதுசா வழி வெட்டிக்கிட்டுப் போனா நாளைக்கும் முடியாது."

ஆனாலும் அது நடை இல்லை. ஒஸ்தோயா மண்டிபோட்டு, உலோகம் காட்டும் கருவியை இப்படியும் அப்படியும் அசைத்து, அது முனகினால் நின்று, கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்த்து, ஒரு சாண் நகர்ந்து, மறுபடி மண்டிபோட்டார். பெஹியா ட்ரோனை மேலேயே நிறுத்தி, வளைவு வரும்போதெல்லாம் வயர்லெஸ்ஸில் வழி சொன்னாள். மின்கலம் தீரும்போது இறக்கி மாற்றினாள். இறக்கி ஏற்றுகிற அந்தச் சமயத்தில் வாப்பா கண்ணில் படாமல் இருப்பார். அந்த இடைவெளிக்குள் அவர் கையை அசைத்திருப்பாரோ, தண்ணி கேட்டிருப்பாரோ என்று அவசர அவசரமாக மின்கலத்தைச் செருகுவாள். ஏற்றியதும் முதலில் அந்த நீட்டின கையைத்தான் பார்ப்பாள். அது இருந்தது இருந்தபடியே இருந்தது.

அசைந்துவிடக் கூடாதே என்று அவள் வேண்டினாள். அது எப்பேர்ப்பட்ட வேண்டுதல் என்று அவளுக்கே உறைத்தது. இப்போது அந்தக் கை அசைந்தால், உயிரோடு கிடந்த வாப்பாவைச் செத்துவிட்டார் என்று சொன்னவள் ஆவாள். அசையவில்லையென்றால் வாப்பா இல்லை. இரண்டில் எதைக் கேட்பது? அல்லாஹ்விடம் எதையும் கேட்காமல் இருந்து பார்த்தாள். அதுவும் முடியவில்லை.

உம்மா ருக்கியா வந்துவிட்டாள். யாரோ பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவள் அழவில்லை. திரையைப் பார்க்கவும் வரவில்லை. ஜீப் பக்கத்தில் எஸ்மிரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்றாள் ஒரு தரம், யாரிடம் என்றில்லாமல்.

சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்துக்கு ஒஸ்தோயா மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார். பெஹியா மேலேயிருந்து பார்த்தாள். அவர் கையுறையைக் கழற்றினார். இரண்டு விரலை வாப்பாவின் கழுத்தில் வைத்தார். கையைத் தூக்கிப் பார்த்தார், அது முழுசாக, கட்டையாக வந்தது. பிறகு நிமிர்ந்து, ட்ரோன் கேமராவுக்கு நேராகத் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"வெறைச்சுப் போச்சு பெஹியா" என்றார் வயர்லெஸ்ஸில். "காலையிலயே போயிருக்கணும். நாம தேடுறதுக்கு ரொம்ப முன்னாடியே. நெஞ்சு வலியாத்தான் இருக்கும். நீ சொன்னது சரிதான்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரு மூச்சு நேரம், அப்பாடா. அதற்கப்புறம்தான் அவள் உட்கார்ந்தாள், கைக்கருவியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"வாளி நிறைய பழம் இருக்கு" என்றது வயர்லெஸ். "எடுத்துக்கிட்டு வரவா?"

அவள் பதில் சொல்வதற்குள் உம்மா சொன்னாள்: "எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. பறிச்சதை விட்டுட்டு வருவாங்களா?"

தடத்தின் ஓரத்தில் வெடி அகப்பட்ட இரண்டு இடத்தில் ஒஸ்தோயா சிவப்புக் குச்சி நட்டுவிட்டு வந்திருந்தார். தூக்குக் கட்டிலில் வாப்பாவை இறக்கி வைத்தபிறகு எஸ்மிர் அவரைக் கேட்டான், "வாப்பாவுக்குத் தெரியுமா, அது ரெண்டும் அங்க இருக்குன்னு?"

"தெரிஞ்சிருந்தா ஒரு சாண் தள்ளியா நடப்பாரு?" என்றார் ஒஸ்தோயா. "நூறு முழம் தள்ளி நடந்திருப்பாரு. சும்மா தப்பிச்சிருக்காரு. ஒவ்வொரு தரமும் சும்மாவே தப்பிச்சிருக்காரு."

மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். குளிப்பாட்டி, கஃபன் துணி இட்டு, மய்யித்தை முற்றத்தில் வைத்தார்கள். ஆண்கள் தொழுதுவிட்டுச் சந்தூக்குப் பெட்டியைத் தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டு குன்றிலுள்ள அடக்கத்தலத்துக்குப் போனார்கள். அங்கெல்லாம் பெண்கள் கபரஸ்தானுக்குப் போவதில்லை. பெஹியா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். வாப்பா நின்று பார்க்கும் ஜன்னல். ஊரே போனதால் குன்றுச் சரிவில் புல் மிதிபட்டு, அகலமாக ஒரு வழி விழுந்திருந்தது. ஒஸ்தோயா தொப்பியைக் கழற்றி ஓரமாக நின்றதாகவும், மண் தள்ளும் முறை வந்தபோது தான் மண்வெட்டியை அவரிடம் நீட்டியதாகவும் எஸ்மிர் பிற்பாடு சொன்னான். "வாங்கித் தள்ளுனாரு. நல்லாத் தள்ளுனாரு" என்றான்.

உள்ளே பெண்கள் ஓதி முடித்துக் காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். உம்மா அந்த வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளம் பழத்துக்குக் கொட்டை எடுக்க உட்கார்ந்தாள்.

"இன்னைக்கேவா உம்மா?"

"நாளைக்கு அழுகிப் போயிடும்ல."

பெஹியாவும் எதிரே உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்தாள். வருடா வருடம் இந்த வீட்டில் பிளம் ஜாம் காய்ச்சுவார்கள். ஜாம் ஜாடியைக் குழுவின் கூடாரத்துக்கும் அவள் கொண்டுபோவாள். ஒஸ்தோயா ரொட்டியில் வழித்து வழித்துத் தின்பார்; பதிலுக்குத் தன் மனைவி ஸ்தானா காய வைத்த காளானைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். எங்க வீட்டுக்காரி சந்தையில மலிவா வாங்குனா என்பார். எங்க வாப்பாவும் சந்தையிலதான் வாங்குறாரு என்பாள் பெஹியா. நடுப்பகலில் வாப்பாவுக்குப் போன் பண்ணி எங்கே இருக்கீங்க என்று கேட்டால், சந்தையில இருக்கேன் என்பார் அவர். என்ன சத்தத்தையே காணோமே என்றால், இன்னைக்குக் கூட்டம் இல்லம்மா என்பார். பின்னால் ஒரு மரங்கொத்தி டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கும்.

"உங்களுக்குத் தெரியுமா உம்மா? எங்க பறிக்கிறாருன்னு?"

உம்மா கத்தியை நிறுத்தவில்லை. "சந்தைன்னுதான் சொல்லுவாரு."

"நீங்க நம்புனீங்களா?"

"சந்தைக்குப் போற மனுஷன் ஒரு நாளாச்சும் பை எடுத்துக்கிட்டுப் போகணும்ல" என்றாள் உம்மா. கொட்டையைத் தட்டில் போட்டாள். "கேட்டா நிறுத்திடுவாரு. நிறுத்துனா ஜன்னல்ல நின்னே செத்துப் போயிடுவாரு. என்னத்தைக் கேக்கச் சொல்ற?"

பெஹியா அடுத்த பழத்தை எடுத்து நறுக்கினாள்.

அடுத்த வாரம் பெஹியா வேலைக்குத் திரும்பினாள். வரவேண்டாம், இன்னும் நாலு நாள் இரு என்றார் ஒஸ்தோயா. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றாள் அவள். கூடாரத்தில் கணினியைத் திறந்து, அன்றைக்கு எடுத்த படத்தை எடுத்தாள். நீலச் சட்டை இல்லாத, உயரத்திலிருந்து எடுத்த படம். கோட்டின்மேல் மாப்பிள்ளை வழக்கம்போலக் கேட்டது: ஆட்டுத்தடமா?

இல்லை என்று அழுத்தினாள்.

அது ஒரு காலிக் கட்டத்தைத் திறந்து, பின்னே என்ன என்று கேட்டது. பெஹியா கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுதினாள்: ஆள்.

ஒரு படம் போதாது. இரண்டு வருடத்து வசந்தங்களையும் எடுத்து, கோடு தெரிகிற படத்திலெல்லாம் ஆள், ஆள் என்று எழுதிக் கொடுத்தாள். குன்றுச் சரிவில் ஊரார் மிதித்த வழியையும் படம் எடுத்துச் சேர்த்தாள். பிறகு பழைய படங்கள் எல்லாவற்றையும் புதிதாகப் பார் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள். ஒஸ்தோயா வெளியே பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை தின்று முடித்திருந்தது. திரையில் அவர்கள் மேடு இருந்தது. அதில் ஒரு ஆரஞ்சுக் கோடு, வாப்பாவின் கோடு. அவள் படத்தை விலக்கிப் பெரிய வரைபடமாக்கினாள்.

பக்கத்து மேட்டில் ஒரு கோடு இருந்தது. ஓடைக்கு அப்பால் இரண்டு. பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சிவப்புப் பலகையைத் தாண்டி ஒன்று வளைந்து வளைந்து போனது. நேற்றுவரைக்கும் பச்சையில் ஆட்டுத்தடம் என்றிருந்ததெல்லாம் இப்போது ஆரஞ்சில் இருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தர் வீட்டுப் பின்கட்டில் போய் முடிந்தது. ஊரில் பை எடுக்காமல் சந்தைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்!

"அண்ணே" என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் உள்ள வாங்களேன்."

ஒஸ்தோயா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பார்த்தார். அவர் விரல் திரையில் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டு போனது. எதிர் மலைச்சரிவில், சிவப்புப் பலகை நட்ட கருவாலி மரக் காட்டுக்குள்ளிருந்து இறங்கி வந்த ஒரு கோட்டில் நின்றது. அது ஒரு சிவப்புக்கூரை வீட்டில் முடிந்தது. வெளியே விறகுக் கொட்டகை, உடைந்த நீல டிராக்டர்.

அந்த டிராக்டரைப் பற்றிக் கூடாரத்தில் எல்லோரும் அவரைக் கிண்டல் பண்ணுவதுண்டு, என்றைக்காவது ஓடுமா அண்ணே என்று.

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எத்தனையோ வெடிகளைக் கேட்ட காது, மந்தம். எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். மணி அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது.

"என்னங்க?" என்று ஸ்தானாவின் குரல் வந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"எங்க இருக்க?"

"எங்க இருப்பேன், சந்தையிலதான். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

பெஹியா ஏற்கெனவே ட்ரோன் பெட்டியைக் கையில் எடுத்திருந்தாள்.

"ஸ்தானா" என்றார் அவர். "நின்ன இடத்துலயே நில்லு. ஒரு எட்டு கூட வைக்காதே."

"என்னங்க ஆச்சு?"

அவள் குரலுக்குப் பின்னால் போனில் மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது.